வெள்ளிக்கிழமைதோறும் கசியும் படகு

அந்தப் படகுக்கு வயது முப்பத்தெட்டு. படகுக் கணக்கில் முப்பத்தெட்டு என்பது மனிதக் கணக்கில் முந்நூற்றுச் சொச்சம். பலகைக்கு ஒட்டு, ஒட்டுக்கு ஒட்டு, அந்த ஒட்டுக்கும் ஓர் ஒட்டு. மேலே அடித்திருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக் குவித்தால் அதை வைத்தே இன்னொரு படகு கட்டிவிடலாம். என்ஜினைக் கிளப்பினால் பக்கத்துப் படகுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இத்தனை சீரும் சிறப்பும் போதாதென்று, இப்போது அதற்குப் பேய் வேறு பிடித்திருந்தது.

ஒழுங்கான பேய் அது. வெள்ளிக்கிழமை தவறாது. காலையில் என்ஜின் ரூம் மூடியைத் தூக்கினால் டீசல் நாற்றம் குப்பென்று முகத்தில் அறையும். டாங்குக்குள் கோலை விட்டுப் பார்த்தால் நாலு விரல்கடை குறைந்திருக்கும். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைப் பம்பு வெளியே தள்ளும்போது வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கும். அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த டீசல் நாற்றத்துக்குள்ளே இன்னொரு வாசனை ஒளிந்திருக்கும். குளித்துவிட்டுத் தலைகூடத் துவட்டாமல் வந்து ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்பதைப் போல, ஈரச் சோப்பு வாசனை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அதே என்ஜின் ரூமில் மாரடைப்பு வந்து குப்புற விழுந்து செத்துப்போன படகுக்காரரின் வாசனை.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. டாங்கு, குழாய், மூட்டு எல்லாம் காய்ந்த கருவாடு மாதிரி கிடக்கும்.

படகுக்காரருக்கு 'முக்கால்' என்று பெயர். வலை இழுக்கிற வின்ச் ஒருநாள் அவருடைய வலது கட்டைவிரலில் நகத்தையும் நுனியையும் தின்றுவிட்டது. மிச்சமிருந்தது முக்கால் விரல். அந்த முக்கால் விரலால் அவர் மற்றவர்களின் பத்து விரல் வேலையைச் செய்வார் என்பது அவரே பரப்பிவிட்ட செய்தி. என்ஜின் ரூமில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். "எவனாவது ஹோஸைப் புடிச்சீங்க, கையை முறிச்சிருவேன்" என்பார். பழந்துணியால் அவரேதான் துடைப்பார்.

அவர் போன பிறகு, கடலுக்குக் கூட வந்துகொண்டிருந்த இரண்டு ஆட்களும் வேறு படகு பார்த்துக்கொண்டார்கள். 'சுக்கான்' என்று கூப்பிடப்பட்ட டிரைவர் மட்டும் மிஞ்சினார். அவரும் மேல்தட்டோடு சரி. கீழே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். போன வெள்ளிக்கிழமை துறைமுக அதிகாரி வந்தார். படகைச் சுற்றித் தண்ணீரில் வானவில் மாதிரி டீசல் மினுங்குவதைப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அடுத்த சனிக்கிழமை மதியம் மறுபடி வருவார். அப்போது ஒரு சொட்டு கசிந்தாலும் உரிமம் ரத்து, படகு உடைக்கிற மேட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முக்காலின் மனைவி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் பட்டறைக்குப் போனாள்.

அண்ணன்தான் மெக்கானிக். ஊரில் 'மூக்கர்'. அந்த மூக்கு தெருமுனை திரும்பி ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் மிச்ச ஆள் வந்து சேர்வார் என்பார்கள். கருகிய வால்வு, தண்ணீர் கலந்த டீசல், அடுத்த வாரம் உடையப்போகிற பெல்ட், எல்லாவற்றையும் மோந்தே சொல்வார். மூக்குக்குக் கீழே, அது சரிந்து விழாமல் முட்டுக் கொடுத்த மாதிரி ஒரு மீசை. ஆறு வருடத்துக்கு முன் அந்தப் படகுக்குப் புது டீசல் டாங்கு செய்தவரும் அவரே. தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் அடித்து, துறைமுக மேடையில் நாற்பது பேர் முன்னிலையில் தட்டிக் காட்டினார். "இதுல ஒரு சொட்டு கசிஞ்சா இந்த மீசை இருக்காது!" என்றார். பிறகு அவர் கதை சொன்னபோதெல்லாம் அந்த நாற்பது பேர் நானூறு ஆனார்கள்.

அன்றிலிருந்து முக்காலுக்குக் கொண்டாட்டம். கிண்டல் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் சோற்றையே விட்டுவிட்டு ஓடி வருகிற ஆள் அவர். தினமும் டார்ச் அடித்து டாங்கைச் சுற்றிப் பார்ப்பார். "மச்சான், மீசை பத்திரமா இருக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். அப்புறம் அவரே, "கசியலய்யா. உன் மீசைக்கு ஆயுசு கெட்டி" என்று முதுகில் அறைவார்.

"அண்ணே, நீ மூணு தடவை வந்து பாத்தே. ஒண்ணுமில்லன்னே," என்றாள் தங்கை, தாளை நீட்டி.

"ஒண்ணுமில்லதான். என் டாங்கு கசியாது."

"அப்போ டீசலைக் குடிக்கிறது யாரு? உன் மீசையா?"

மூக்கர் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். பட்டறைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். மூன்று முறையும் ஞாயிறன்றுதான் போயிருந்தார். மூன்று முறையும் அவர் போன நேரத்தில் படகு பத்தினி வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பட்டறையைப் பூட்டறேன்," என்றார். "கண்டுபிடிக்காம திறக்க மாட்டேன்."

வியாழக்கிழமை காலையில் படகில் ஏறினார். என்ஜின் ரூம் நிமிர்ந்து நிற்க முடியாத பொந்து. நடுவில் என்ஜின், இடது பக்கம் படகின் விலாவை ஒட்டி டாங்கு. டாங்குக்கும் விலாப் பலகைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து. மச்சினர் முக்கால் விழுந்து கிடந்த இடத்தைத் தாண்டித்தான் எல்லாவற்றுக்கும் போகவேண்டும். அன்று அவரைப் புரட்டிப் போட்டவர் மூக்கர். இறுகியிருந்த வலது கையை விரல் விரலாகப் பிரித்ததும் அவரே. உள்ளே இருந்தது ஒரு சோப்புக் கட்டி. குளிக்கிற சோப்பு. குளிக்கிற ஆள் என்ஜின் ரூமுக்குள் எதற்கு வந்தார் என்று அன்று அழுகைக்கு நடுவில் யாரும் கேட்கவில்லை. சோப்பைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிய விதம், கையில் தேளை வாங்குவது மாதிரி இருந்தது.

மூக்கர் வேலையை ஆரம்பித்தார். டாங்கிலிருந்து என்ஜின் வரைக்கும் ஒவ்வொரு மூட்டையும் துடைத்தார். முகப் பவுடரை எடுத்துக் குழாய் முழுக்கத் தூவினார். ஒரு துளி வியர்த்தாலும் பவுடரில் கறுப்புப் புள்ளி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அடியில் செய்தித்தாளைப் பரப்பினார். என்ஜினை ஓடவிட்டு, குந்தி உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார். ஃபில்டர் காய்ந்திருந்தது. பம்பு காய்ந்திருந்தது. மிச்ச டீசல் டாங்குக்குத் திரும்புகிற குழாயும் காய்ந்திருந்தது. என்ஜின் ஆயிலில் டீசல் கலந்திருக்குமோ என்று தொட்டு மோந்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். சுத்தம்.

"மேஸ்திரி!" மேலிருந்து சுக்கானின் குரல். "உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்யா."

"இல்ல, அரை மணி நேரமா உங்க மூக்கு உறிஞ்சற சத்தம் கேக்கல. அதான்."

"நீ கீழ வந்து டார்ச் புடியேன்."

"ஐயையோ, எனக்கு இடுப்பு வலி."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே?"

"வியாழக்கிழமை ஆரம்பிக்கும் மேஸ்திரி. வெள்ளிக்கிழமை முத்திரும். அவர் வந்துட்டுப் போனாத்தான் விடும்."

மூக்கர் சிரித்தார். ஆனால் அந்தப் பொந்தில் அவர் சிரிப்பு டாங்குத் தகட்டில் பட்டு, கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ சிரித்த மாதிரி திரும்பி வந்தது. கையிலிருந்த பவுடர் டப்பா வழுக்கியது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மாலை நாலு மணிக்குத் தங்கை வந்தாள். இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, மேடைக் குழாயில் ஹோஸை மாட்டி, விறுவிறுவென்று படகுக்கு இழுத்து வந்தாள்.

"என்னம்மா இது?"

"கழுவணும். மேல வா."

"எங்க கழுவணும்?"

"எங்கயா? அந்தப் பொந்தைத்தான். வாராவாரம் வியாழக்கிழமை கழுவறேன். மறுநாள் அவர் வர்றாருல்ல, வரக்கூடாதுன்னு. முதல் வாரம் அவர் விழுந்த இடத்தை மட்டும் கழுவினேன். வாசனை வந்துச்சு. அடுத்த வாரம் முழுக்கக் கழுவினேன், அதிகமாச்சு. இப்போ மூலை முடுக்கெல்லாம் பீச்சி அடிக்கறேன்."

"வரட்டுமேம்மா. நம்ம ஆளுதானே?"

அவள் ஹோஸைக் கீழே போட்டாள். மேல்தட்டில் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்தாள். சுக்கான் நாகரிகமாகப் படகின் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து காதை மட்டும் இங்கே அனுப்பிவைத்தார்.

"உனக்குத் தெரியாதுண்ணே. வீட்டுல சோப்பு தங்கறதே இல்ல. புதுசு பிரிச்சு வெச்சா ரெண்டாம் நாளே ஓரத்தைக் கிள்ளி எடுத்திருக்கும். எலின்னு நெனச்சேன். எலி சோப்பு தின்னும், சரி. ஆறு வருஷமா ஒரே எலியா? அப்புறம்தான் இவரைக் கவனிச்சேன். கிள்ளிப் பையில போட்டுக்கிட்டுப் போறார். கடலுக்குப் போற ஆளுக்கு சோப்பு எதுக்கு? எவளோ ஒருத்தி இருக்கான்னு முடிவு பண்ணிட்டேன்."

"முக்காலுக்கா? அந்த மூஞ்சிக்கா?"

"அதை நானும் யோசிச்சேன்." ஒரு நொடி அவள் உதடு சிரிக்கப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டது. "அன்னிக்குக் காலையில முழுக் கட்டியையே பைக்குள்ள போட்டார். பாத்துட்டேன். யாருக்குன்னு கேட்டேன். சிரிக்கறார்ண்ணே. 'உங்கண்ணன் மீசைக்கு'ன்னார். கேலி பண்றார் பாருன்னு எனக்கு ஆத்திரம். 'போ, அவகிட்டயே போ, திரும்பி வராதே'ன்னேன்."

கடல் படகின் விலாவில் ளொச்சு ளொச்சென்று முட்டிக்கொண்டிருந்தது.

"கல்யாணம் ஆனதுலருந்து என் பேச்சை ஒருதரம்கூடக் கேக்காத மனுஷன். அன்னிக்குப் பாத்துக் கேட்டுட்டார். இப்போ வெள்ளிக்கிழமையானா அந்தச் சோப்பு வாசனையோட வந்து நிக்கிறார், யாருக்குன்னு இப்போ கேளுங்கற மாதிரி. எனக்குத் தாங்கலண்ணே. படகை உடைச்சாலும் பரவாயில்ல, யாருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

மூக்கர் தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மற்ற நாளில் நடக்காத ஒன்று வியாழக்கிழமை நடக்கிறது, அது மட்டும் விளங்கியது. "கழுவும்மா," என்றார். "எப்பவும் கழுவற மாதிரியே கழுவு. ஒரு மூலையை விடாதே."

அவள் கழுவினாள். தீயணைப்பு வண்டியில் வேலை கேட்டிருந்தால் நின்ற நிலையில் கொடுத்திருப்பார்கள், அப்படிப் பீச்சினாள். தண்ணீரை இறைத்து முடித்ததும் மூக்கர் மறுபடி இறங்கி எல்லாவற்றையும் துடைத்து, புதுச் செய்தித்தாள்களைப் பரப்பினார். டாங்குக்குப் பின்னாலிருந்த சந்திலும் ஒரு தாளைச் சுருட்டிச் செருகினார். மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. நல்ல வெயில். மேடையில் ஐஸ் வண்டிகள், கூடைகள், கூச்சல். அத்தனை வெளிச்சத்திலும் மூக்கர் மூடியைத் தூக்கிய கணத்தில் முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் கட்டியை இழுத்த மாதிரி இருந்தது. டீசல். அதற்குள்ளே மச்சினர். எப்போதும் தோளில் கைபோட்டு, "என்ன மச்சான்" என்று காதருகே கத்துகிற தூரத்தில் வருகிற வாசனை. நூறு நாற்றத்தைப் பிரித்துப் பெயர் சொல்கிற மூக்கு. அதை ஏமாற்றமுடியாது.

சுக்கான் மேடைக்கே தாவிவிட்டார். "அவர்தான், அவர்தான்!" என்று அங்கிருந்து சான்று கொடுத்தார்.

மூக்கர் இறங்கினார். ஒவ்வொரு தாளாக எடுத்தார். காய்ந்தது. காய்ந்தது. காய்ந்தது. என்ஜினுக்கு அடியில் இருந்தது கூடக் காய்ந்தது. சந்தில் செருகியதை இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். டீசலில் ஊறிக் கூழாகிக் கையோடு வந்தது.

"மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டு சந்துக்குள் வலது கையை விட்டார். மணிக்கட்டு வரை போனது. முழங்கை வரை போனது. கன்னம் தகட்டில் அழுந்தியது. விரல்கள் டாங்கின் அடி மூலையைத் தொட்டன. அங்கே ஏதோ இருந்தது. குளிர்ந்து, வழவழவென்று, செத்தவரின் கன்னம் மாதிரி. கத்தியிருப்பார், வாய் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்தது. கையை உருவப் பார்த்தார். முழங்கை சிக்கிக்கொண்டது. தவித்த தவிப்பில் அவருடைய கட்டைவிரல் அந்த வழவழப்பில் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தது.

அந்தக் குழி ஏற்கெனவே இன்னொரு கட்டைவிரலுக்காகச் செய்தது. அகலமாக, தட்டையாக, குட்டையாக. நுனி இருக்கவேண்டிய இடத்தில் மூக்கருடைய விரல் முட்டி நின்றது. முக்கால் விரலின் குழி.

அவர் அசையவில்லை. ஒரு யுகமோ ஒரு நிமிடமோ, செத்தவரின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். பிறகு நகத்தால் கொஞ்சம் கிள்ளி வெளியே கொண்டுவந்து மோந்து பார்த்தார்.

சோப்பு.

ஓட்டை விழுந்த டாங்குக்கு நடுக்கடலில் படகுக்காரர்கள் செய்கிற அவசர வைத்தியம் அது. சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பினால், டீசலில் அது கரையாது. இறுகிக் கல்லாகிவிடும். கரை சேர்கிற வரைக்கும் தாங்கும். முக்கால் அதைக் கரை சேர்ந்த பிறகும் செய்திருந்தார். என்ஜின் அதிர்வில் உதிர உதிர, ஆறு வருடமாக, வீட்டுச் சோப்பைக் கிள்ளிக் கிள்ளி அப்பியிருந்தார். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைச் சந்தில் விட்டு டார்ச் அடித்தபோது தெரிந்தது. குளவிக்கூடு மாதிரி அடுக்கடுக்காகச் சோப்பு, அடுக்குக்கு அடுக்கு கட்டைவிரல் பதிந்த குழி. அதன் ஓரத்தில், ஈரத்தில் இளகிய இடத்தில், ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது.

மூக்கர் அந்தச் சந்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த மூலை எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தன் வெல்டிங் தொடங்கிய மூலை. கிண்டலுக்காகச் சோற்றை விடுகிற மனுஷன், இத்தனை பெரிய கிண்டலைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை. "உன் மீசைக்கு ஆயுசு கெட்டி" என்று முதுகில் அறைந்துவிட்டுப் போய்விட்டார்.

தங்கையை வரச்சொன்னார். அவள் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். அன்று அண்ணன் கொடுத்த சோப்பை அதற்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தாளாம், தூக்கிப் போடவும் மனமில்லாமல், பார்க்கவும் தைரியமில்லாமல். கட்டியின் ஒரு மூலை கிள்ளப்பட்டிருந்தது. கிள்ளிய இடத்தில் அதே குட்டைக் கட்டைவிரல் தடம்.

"யாருக்குன்னு கேட்டியே," என்றார் மூக்கர். கண்ணாடியையும் டார்ச்சையும் அவளிடம் கொடுத்தார். "பாத்துக்கோ. அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கார். என் மீசைக்குத்தான்."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை…?"

"டீசலுக்கு அசையாத சோப்பு தண்ணிக்கு இளகிரும். வியாழக்கிழமை நீ பீச்சி அடிக்கறே. ராத்திரி கசியுது. வெள்ளிக்கிழமை மறுபடி காஞ்சு இறுகிருது. அவர் ஏன் ஹோஸைத் தொட விடலன்னு இப்போ தெரியுதா?"

"நான் விரட்ட விரட்டத்தான் வந்தாரா?"

"நீ விரட்டினே, அவர் இளகினார். உசுரோட இருந்தப்பவும் அதானே நடந்துச்சு?"

அவள் சிரித்தாள். மூன்று மாதமாக அடைத்துக்கொண்டிருந்த குழாய் திறந்த மாதிரி அந்தச் சிரிப்பு பொங்கி வந்து, பாதி வழியில் அழுகையாகிவிட்டது. "பாவி மனுஷா, சோப்புதானே, கேட்டிருந்தா டஜன் கணக்குல வாங்கித் தந்திருப்பேனே," என்று டாங்கை ஓங்கி ஓங்கி அடித்தாள். டாங்கும் ணங் ணங்கென்று பதில் சொன்னது. மேடையில் நின்ற சுக்கானுக்கு இடுப்பு வலி அந்தக் கணமே தீர்ந்துவிட்டது. ஓடிவந்து அவரும் கண்ணாடி விட்டுப் பார்த்தார்.

பத்து மணிக்குள் டீசலை இறைத்தார்கள். சங்கிலிக் கப்பி மாட்டி டாங்கை மேலே தூக்கினார்கள். ஒரு யானைப் பிரசவம் அது. பட்டறைக்குக் கொண்டுபோய், உள்ளே சுடுதண்ணீர் விட்டு மூன்று முறை அலசி, சோப்பை ஒரே வில்லையாகப் பெயர்த்துப் பத்திரமாக வைத்துவிட்டு, மூக்கர் அந்த மூலையைத் தேய்த்தார். ஊசிக் காது அளவுக்கு ஓர் ஓட்டை எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றி ஒரு சாண் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து அடித்தார். இந்தமுறை யாரையும் கூப்பிட்டுத் தட்டிக் காட்டவில்லை. தண்ணீர் நிரப்பிப் பார்த்தார், பவுடர் தூவிப் பார்த்தார், காது வைத்துக்கூடக் கேட்டார்.

சனிக்கிழமை மதியம் அதிகாரி வந்தபோது டாங்கு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அடித்தட்டில் துடைத்தார், சந்தில் துடைத்தார். வெள்ளையாகவே வந்தது. நிமிர்ந்தவர் மோந்தார்.

"என்னம்மா, சோப்பு வாசனை அடிக்குது? நல்லாக் கழுவினீங்களா?"

"இல்லிங்க சார். இந்த ரூம்ல இனிமே தண்ணியே ஊத்த மாட்டோம்."

"அப்புறம் எங்கருந்து வாசனை?"

அவள் டாங்குக்கு மேலிருந்த மரத் தட்டைப் பார்த்தாள். அங்கே தகர டப்பா திறந்திருந்தது. உள்ளே கிள்ளிய கட்டியும், கட்டைவிரல் பதிந்த வில்லையும்.

"எங்க வீட்டுக்காரர் சார். இங்கதான் நிக்கிறார்."

அதிகாரி துணைக்கு மெக்கானிக்கைப் பார்த்தார். அங்கே மீசை இல்லாத உதட்டுக்கு மேல், முட்டுக்கொடுக்க ஆளில்லாமல், துறைமுகத்தையே மறைக்கிற ஒரு மூக்கு அவரை நோக்கி மெதுவாகத் தலையசைத்தது. அவர் முழங்காலில் வைத்தே தாளில் கையெழுத்துப் போட்டு, ஏணியில் இரண்டு படி தாண்டி மேடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சுக்கான் என்ஜினைக் கிளப்பினார். கிழம் இருமி, செருமி, பிடித்துக்கொண்டது. மூக்கர் கீழேயே நின்றார். உதட்டுக்கு மேல் தடவப் போன கை வெறுமையைத் தடவிவிட்டுத் திரும்பியது. அப்போது டாங்குக்குப் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். புதுத் தகடு அதிர்வுக்குப் பழகுகிறவரை அப்படித்தான் சத்தம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

தெரிந்தும், "சிரிங்க மாப்பிள்ளை," என்றார். "இன்னிக்கு உங்க நாள்."